அடைப்பை எடுத்தாச்சு, அப்புறமும் ஏன் எழுந்திருக்கவில்லை?

மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறவனுக்கு நோயாளியின் முகம் தெரியாது. ட்யூப் மேல் ஒட்டியிருக்கும் பெயர், வயது, வார்டு, அவ்வளவுதான். ஆனால் ஸ்ட்ரோக் கேஸ் என்றால் வீட்டு ஆட்களைத் தெரிந்துவிடும். சாம்பிள் வந்த கொஞ்ச நேரத்திலேயே யாராவது கவுன்டர் முன்னால் வந்து நிற்பார். மகன், மருமகன், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் கேட்பது ஒன்றையேதான். "சார், சுகர் எவ்வளவு காட்டுது?"

240 என்று சொன்னால் பதறுவார்கள். கூடவே கொஞ்சம் நிம்மதியும் முகத்தில் தெரியும். காரணம் கிடைத்துவிட்டதே! "அதானே பார்த்தேன். சொன்னாக் கேட்டாத்தானே, மாத்திரையை ஒழுங்காப் போடுறதே இல்ல. இப்ப இன்சுலின் போட்டு இறக்கிட்டா கை கால் வந்துடும்ல சார்?"

கவுன்டரில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் மெஷின் கத்திக்கொண்டிருக்கும், அவருக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ரத்தம் பார்க்கிற ஆள். வைத்தியம் சொல்ல வரவில்லை. ரிப்போர்ட்டில் இருக்கிற எண்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது மட்டும்தான் என் பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பக்கவாதம் ரெண்டு வகை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிவது இன்னொன்று. அதிகம் வருவது முதல் வகை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். ரெண்டில் எது என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. "பார்த்தாலே தெரியுது, இது அடைப்புதான்" என்று வழியில் யாராவது சொன்னால் நம்பி ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

அடைப்பு என்று உறுதியானால் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. ஆல்டெப்ளேஸ் என்ற அந்த மருந்தை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 1995 டிசம்பரில் வெளியானது. 624 நோயாளிகள். மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில், மூன்று மாதம் கழித்து ஊனமே இல்லாமல் அல்லது லேசான குறையோடு தேறியவர்கள் கூடுதல். விலையும் இருந்தது. ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு வந்து நிலைமை மோசமானது, போடாதவர்களில் 0.6 சதவீதம். 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த மூன்று மணியை நாலரை மணியாக நீட்டியது. இப்போது டெனெக்டெப்ளேஸ் என்ற ஊசியும் வந்துவிட்டது. ஒரே தடவையில் போட்டு முடித்துவிடலாம், ஒரு மணி நேரம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த ஊசி போடுவதற்கு முன்னால் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டிய ரத்தப் பரிசோதனை எத்தனை என்று நினைக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று. சுகர். அதையும் லேபுக்கு அனுப்ப வேண்டாம், விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்தக் கோளாறு உள்ளவர் என்று சந்தேகம் இருந்தால்தான் மற்ற ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இதை லேப்காரனான நானே சொல்கிறேன்: எங்கள் பிரின்ட்-அவுட் வரட்டும் என்று யாரும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிய குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு போட்டார்கள். நான் ஒரு சாம்பிளை மெஷினில் வைத்து எடுப்பதற்குள் எவ்வளவு போயிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுகரை மட்டும் ஏன் விடுவதில்லை? சுகர் அடிமட்டத்துக்கு இறங்கினாலும் ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும். வாய் குழறும், ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், ஆள் சுயநினைவில் இருக்க மாட்டார். குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்த எத்தனையோ பேர் இப்படி "வாதம்" என்று வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆக, சுகர் பார்ப்பதன் முதல் வேலை கூடுதலைக் கண்டுபிடிப்பது அல்ல, குறைவு இல்லை என்று உறுதி செய்வதுதான்.

இனி கூடுதலுக்கு வருவோம்.

ஒருநாள் ராத்திரி ஒரு பையன் கவுன்டரில் சண்டைக்கே வந்துவிட்டார். அப்பாவுக்கு ரேண்டம் சுகர் 190 என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. "எங்கப்பாவுக்குச் சுகரே கிடையாதுங்க. போன மாசம்தான் பார்த்தோம். வேற யாரோட சாம்பிளையோ மாத்திப் போட்டுட்டீங்க" என்றார். சந்தேகம் நியாயமானதுதான். திரும்பவும் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. மூணு மாச சுகர் என்று சொல்கிற எச்.பி.ஏ.ஒன்.சி-யும் பார்த்தோம். 5.6. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை, பையன் சொன்னது சரி. 190-ம் சரி.

மூளையில் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் தவிக்க ஆரம்பித்ததும் உடம்பு அதை உயிர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் கொட்டுகின்றன. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் இருந்தும் அதன் பேச்சு எடுபடாமல் போகிறது. சர்க்கரை நோயே இல்லாத ஆளுக்கும் சுகர் 160, 190, 200 என்று ஏறும். வந்த ஆபத்து பெரிதாக இருந்தால் ஏற்றமும் பெரிதாக இருக்கும். இதற்கு ஸ்ட்ரெஸ் சுகர் என்று பெயர்.

இது சும்மா வந்துபோகிற விருந்தாளி இல்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001-ல் அதுவரை வந்த 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஸ்ட்ரோக்கோடு வரும்போது சுகர் கொஞ்சம் ஏறியிருந்தாலே, 108-லிருந்து 144-க்குள் வைத்த ஏதோ ஒரு கோட்டைத் தாண்டியிருந்தாலே, ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதே ஏற்றம் அவ்வளவு வித்தியாசம் காட்டவில்லை. 1.3 மடங்கு, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத 1.3.

கேட்பதற்கு நியாயமே இல்லாத மாதிரி இருக்கும். இருபது வருஷமாக சுகர் வைத்திருக்கிறவருக்கு 190 பெரிய விஷயம் இல்லை, சுகரே இல்லாதவருக்கு ஆபத்தா? அதனால்தான் இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் வெறும் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு விகிதம் போடுகிறார்கள். மூணு மாச சுகரிலிருந்து அந்த ஆளின் வழக்கமான சராசரியைக் கணக்கிடலாம்: எச்.பி.ஏ.ஒன்.சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். அந்தப் பையனின் அப்பாவுக்கு 114 வரும். வந்த சுகர் 190. வகுத்தால் 1.67. இன்னொருவருக்கு எச்.பி.ஏ.ஒன்.சி 9, வந்த சுகர் 240 என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வழக்கமான சராசரியே கிட்டத்தட்ட 212. விகிதம் 1.13. எண்ணைப் பார்த்தால் 240-தான் பயங்கரம். விகிதத்தைப் பார்த்தால் 190-க்காரரின் உடம்பில்தான் அன்றைக்குப் புயல் அடித்திருக்கிறது. ஊசியோ கட்டி எடுக்கும் சிகிச்சையோ ஆன பிறகு யார் தேறுவார், யாருக்குக் கசிவு வரும் என்று கணிப்பதில் இந்த விகிதம் உதவுகிறது என்று பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்.பி.ஏ.ஒன்.சி-யே ஏறியோ குறைந்தோ வரும், அப்போது இந்தக் கணக்கும் ஆட்டம் காணும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ரத்தசோகை கொஞ்சமா இருக்கிறது?

இதே புயல் இன்னொரு ரிப்போர்ட்டிலும் பதிவாகும். அதை வீட்டு ஆட்கள் யாரும் கேட்பதில்லை, எனக்கு மட்டும் கண்ணில் படும். ஊதா மூடி ட்யூபில் வருகிற சி.பி.சி, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. அதில் வெள்ளை அணுக்களை வகைவகையாகப் பிரித்துப் போடுவது டி.சி. இப்போது மெஷின் போட்டுவிடுகிறது. மெஷின் கொடி காட்டினால் நாங்கள் இன்னமும் ஸ்லைடில் ஒரு சொட்டைத் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, ஆயில் லென்ஸுக்குக் கீழே வைத்து நூறு அணுக்களை எண்ணுவோம். நியூட்ரோபில் என்றால் உட்கரு மூன்று நான்கு துண்டாக முறுக்கிக்கொண்டு கிடக்கும். லிம்போசைட் என்றால் ஒரே உருண்டை, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு. சாதாரண ஆளுக்கு நூற்றில் அறுபது நியூட்ரோபில், முப்பது லிம்போசைட் என்று வரும். ரெண்டு மடங்கு. பெரிய ஸ்ட்ரோக் வந்தவரின் ஸ்லைடில் நியூட்ரோபில் வந்துகொண்டே இருக்கும். 84 எண்ணி முடித்தும் லிம்போசைட் 11-தான் கிடைக்கும். விகிதம் ஏழரைக்கு மேல்.

இதற்கும் காரணம் அதே அட்ரினலினும் கார்ட்டிசாலும்தான். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்த நியூட்ரோபில்களை அவை உதறிக் கிளப்பிவிடுகின்றன. லிம்போசைட்டுகளைக் குறைத்துவிடுகின்றன. லிம்போசைட் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். ஸ்ட்ரோக் வந்து நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கம் சுகர், இன்னொரு பக்கம் டி.சி. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே சம்பவத்துக்குச் சாட்சி.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பெரிய குழாய் அடைத்தால் ஊசி மட்டும் பல நேரம் போதாது. தொடை வழியாகக் குழாய் விட்டு, மூளை வரை போய், கட்டியை வலையில் சிக்கவைத்து வெளியே இழுக்கிறார்கள். நெதர்லாந்தில் 500 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015 ஜனவரியில் வெளியானபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்தடுத்து இன்னும் நாலு ஆய்வுகள் அதையே சொல்லின. ஐந்தையும் சேர்த்து 2016-ல் கூட்டிப் பார்த்தார்கள்: கட்டி எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தன் வேலையைத் தானே பார்க்கிற நிலைக்கு வந்தார்கள். எடுக்காதவர்களில் 26.5 சதவீதம். இது பெரிய வெற்றி, இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிகிச்சை கிடைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் குழாய் நன்றாகத் திறந்துவிட்டது. தேறியவர்கள் பத்துக்கு ஐந்து பேர்கூட இல்லை. "அடைப்பை எடுத்தாச்சுன்னு டாக்டரே வந்து சொன்னார், படத்தைக் காட்டினார், அப்புறமும் ஏன் எங்கம்மா கையைத் தூக்கலை?" என்று கேட்கிற குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

வயது, வந்து சேர ஆன நேரம், அதற்குள் செத்துப்போன பகுதியின் அளவு, பக்கத்துக் குழாய்கள் எவ்வளவு கை கொடுத்தன என்பவைதான் பெரிய காரணங்கள். அவற்றுக்குப் பிறகு சுகரும் வெள்ளை அணுவும் வருகின்றன. அடைப்பைச் சுற்றி, செத்தும் சாகாமலும் ஊசலாடுகிற ஒரு பகுதி இருக்கும். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு ஓட்டமும். ஆக்ஸிஜன் இல்லாத அந்த இடத்துக்கு சர்க்கரை அதிகமாகப் போனால் அது எரியாமல் லாக்டிக் அமிலமாக மாறித் தேங்குகிறது. சாகக் காத்திருந்த அணு சீக்கிரம் சாகிறது. சுகர் கூடினால் கட்டியைக் கரைய விடாமல் தடுக்கிற ஒரு புரதமும் கூடுகிறது, ஊசி சரியாக வேலை செய்யாது. அடைப்பு திறந்து ரத்தம் பாய்ந்ததும் நியூட்ரோபில்கள் கூட்டமாக உள்ளே போய் நுண்குழாய்களை அடைக்கின்றன, குழாய்ச் சுவரை அரிக்கிற நொதியை உமிழ்கின்றன. சுவர் ஓட்டை விழுந்தால் கசிவு. மெயின் ரோடு திறந்துவிட்டது, சந்துகள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன என்பது மாதிரி.

இவ்வளவும் தெரிந்த பிறகு எவருக்கும் தோன்றுவது என்ன? சுகரை இறக்கு. நியூட்ரோபில்கள் கிளப்புகிற அழற்சியை அடக்கு. கவுன்டர் முன்னால் வந்து நிற்கிறவர்கள் கேட்பதும் அதைத்தானே.

உலகம் இதைச் செய்து பார்க்காமல் இல்லை. பிரிட்டனில் 933 பேருக்கு இன்சுலின் கலந்த ட்ரிப் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. இறப்பு குறையவில்லை. அது சின்ன ஆய்வு, சுகரும் போதுமான அளவு இறங்கவில்லை என்று ஆட்சேபம் வந்தது. அப்புறம் அமெரிக்காவில் பெரிதாகவே நடத்தினார்கள். ஷைன் என்று பெயர், 63 மருத்துவமனைகள், 1151 நோயாளிகள், முடிவு 2019-ல். ஒரு பாதிக்கு இன்சுலின் ட்ரிப் வைத்து சுகரை 80-லிருந்து 130-க்குள் பிடித்து வைத்தார்கள். இன்னொரு பாதிக்கு 180-க்குக் கீழே இருந்தால் போதும் என்று தேவைக்கு ஊசி. மூன்று நாள் வரை. நன்றாகத் தேறியவர்கள் இறுக்கிப் பிடித்த பக்கம் 20.5 சதவீதம், விட்டுப் பிடித்த பக்கம் 21.6 சதவீதம். ஒன்றும் இல்லை. இறுக்கிப் பிடித்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு சுகர் 40-க்குக் கீழே விழுந்தது, மற்ற பக்கம் ஒருவருக்குக்கூட விழவில்லை. இனி நடத்தினாலும் பிரயோஜனம் இல்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். அதனால்தான் இப்போது 140-லிருந்து 180-க்குள் இருந்தால் சரி என்கிறார்கள். டாக்டர் 170-ஐப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. "170 இருக்கு சார், இன்னொரு ஊசி போடச் சொல்லுங்க" என்று சிஸ்டரை நச்சரிக்காதீர்கள்.

அழற்சிப் பக்கமும் கதை அதுதான். சீனாவில், அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி ரத்தத்தில் கூடியிருந்த 8343 ஸ்ட்ரோக் நோயாளிகளை வைத்து, கவுட் நோய்க்குக் கொடுக்கிற கால்ச்சிசின் மாத்திரையைச் சோதித்தார்கள். 2024-ல் முடிவு: மறுபடி ஸ்ட்ரோக் வந்தவர்கள் மாத்திரை போட்டவர்களில் 6.3 சதவீதம், போடாதவர்களில் 6.5. அதே வருஷம் அதே நாட்டில் கட்டி எடுத்த 1680 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. குறைந்த அளவு ஸ்டீராய்டு, மூன்று நாள். ஊனத்தின் அளவில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆனால் இறப்பு 28.5-லிருந்து 23.2 சதவீதமாகக் குறைந்தது, கசிவும் குறைந்தது. ஸ்டீராய்டு சுகரை ஏற்றுகிற மருந்து என்பது உங்களுக்கே தெரியும். சுகரை ஏற்றக்கூடிய மருந்தைக் கொடுத்தும் கொஞ்சம் பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள் என்றால், சுகர் எண் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்றுதானே ஆகிறது? இதை வைத்து யாரும் ஸ்டீராய்டு கேட்டு வாங்கிவிட வேண்டாம், இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம்.

என் தீர்ப்பு இது. முதல் நாள் ஏறுகிற சுகரிலும் நியூட்ரோபிலிலும் பெரும்பங்கு, அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்கிற செய்தி. கொஞ்சம் கெடுதலையும் அவை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எண்ணைப் பிடித்து இறக்கினால் அடி சின்னதாகிவிடாது. ஹெல்த் செக்-அப் பேக்கேஜில் இந்த விகிதம் அந்த மார்க்கர் என்று பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லாததற்கும் இதுதான் காரணம். டி.சி-யை வைத்து நீங்களே வகுத்துப் பார்த்து வீட்டில் எல்லோரையும் கலவரப்படுத்தாதீர்கள். நெஞ்சுச் சளிக்கும் அது ஏறும், சாதாரணக் காய்ச்சலுக்கும் ஏறும்.

அப்படியானால் சுகர் பார்ப்பதே வீண் என்கிறாயா என்று கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு வேலை செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஸ்ட்ரோக் வார்டுகள். ஒரு பகுதி வார்டுகளின் நர்ஸுகளுக்கு மூன்று விஷயத்தில் மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் உடனே பாராசிட்டமால். சுகரை நேரத்துக்குப் பார்த்து எல்லை தாண்டினால் கவனி. வாயில் எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்க முடிகிறதா என்று சோதி. மூன்று மாதம் கழித்து, பயிற்சி இல்லாத வார்டுகளில் இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்கிறவர்களும் 58 சதவீதம். பயிற்சி பெற்ற வார்டுகளில் 42 சதவீதம். 2011-ல் லான்செட்டில் வந்தது. கட்டி எடுக்கிற சிகிச்சைக்கு ஈடான வித்தியாசத்தை ஒரு தெர்மாமீட்டரும் ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்திருக்கின்றன.

மூன்றாவது விஷயம்தான் நம் ஊரில் குட்டிச்சுவராகிறது. ஆள் படுத்திருப்பார், வாய் ஒரு பக்கம் தொங்கும், பார்க்க வந்த அத்தை "காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலையே" என்று இளநீரை ஸ்பூனில் ஊற்றுவார். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பாதிப் பேர் வரை முதல் நாட்களில் சரியாக விழுங்க முடியாமல் இருக்கிறார்கள். இளநீர் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். ஏற்கெனவே லிம்போசைட் படுத்துக்கிடக்கிற உடம்பு. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். மூக்கு வழியாக ட்யூப் போட்டால் "ஐயோ ட்யூப் போட்டுட்டாங்களே" என்று அழாதீர்கள், அதுதான் அப்போதைக்குப் பாதுகாப்பு. வாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிற உறவினரை வார்டுக்கு வெளியிலேயே காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

லேப் சம்பந்தமாக ரெண்டு விஷயம் சொல்லியே தீர வேண்டும். ஒன்று, "ரொம்பத் தளர்ந்துட்டார், குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று கேட்பது. அடைப்பு ஸ்ட்ரோக்கில் சுகர் குறைந்திருந்தால் ஒழிய குளுக்கோஸ் ஏற்ற மாட்டார்கள், சலைன்தான். ரெண்டு, குளுக்கோஸ் ட்ரிப் ஓடுகிற கையிலேயே ரத்தம் எடுத்து அனுப்பினால் சுகர் 500, 600 என்று வரும். சோடியமும் பொட்டாசியமும் விழுந்து கிடக்கும், அதை வைத்து நாங்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவோம். சுகருக்கு எடுத்த ரத்தத்தைச் சாம்பல் மூடி ட்யூபில் போடாமல் சாதா ட்யூபில் போட்டு மேஜையில் மறந்துவிட்டால், உள்ளே இருக்கிற அணுக்களே சர்க்கரையைத் தின்று எண் குறைந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான், மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் குளுக்கோமீட்டர் மாம்பழத்தின் சுகரைத்தான் சொல்லும். ஒரு எண் நம்ப முடியாததாக இருந்தால் பயப்படுவதற்கு முன் எங்கே, எப்படி எடுத்தது என்று கேளுங்கள்.

இனி வீடு. முதல் மூன்று நாள் சுகரை விட்டுப் பிடிக்கலாம் என்றால் அடுத்த மூன்று வருஷத்துக்கும் அப்படியே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுபடி அடைப்பு வராமல் இருக்க, நீண்ட நாள் கட்டுப்பாடு தேவை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில். நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாடு 14.4. தனக்கு சுகர் இருப்பதே தெரியாமல், ஸ்ட்ரோக் வந்த அன்று முதன்முதலாக எச்.பி.ஏ.ஒன்.சி 8-ஐயோ 9-ஐயோ பார்க்கிறவர்கள் எங்கள் கவுன்டரில் ஏராளம். 5.6 வந்த அந்த அப்பா மாதிரி ஆட்களுக்கு, சில வாரத்தில் புயல் ஓய்ந்து சுகர் இறங்கிவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டால் நல்லது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த இன்சுலின் அளவையே வீட்டில் மாதக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, டாக்டரிடம் காட்டி அளவை மாற்ற வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து யாருக்கும் தோன்றுவதில்லை. சுகர் தாழ்ந்தால் சாதாரண ஆள் "படபடன்னு வருது, ஏதாவது கொடு" என்று சொல்லிவிடுவார். ஸ்ட்ரோக்கில் பேச்சு போனவர் எப்படிச் சொல்வார்? திடீரென்று வியர்த்துக் கொட்டினால், கை நடுங்கினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், கூப்பிட்டால் மந்தமாகப் பார்த்தால், "மனசு சரியில்லை போல" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றியும் ஒன்று. வீட்டு ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களை வைத்தே பிசியோ செய்யச் சொன்னால் போதுமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்கிறவர்களும், அப்படிப் பயிற்சி கொடுத்த பக்கமும் கொடுக்காத பக்கமும், 47 சதவீதம். மனைவியும் மகளும் எவ்வளவு பாடுபட்டாலும் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். தேர்ந்த கை வேண்டும்.

அதற்குக் காசில்லை என்று வீட்டிலேயே போட்டு வைத்திருப்பவர்களுக்காக இது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரை, சுகர் மாத்திரை மட்டுமில்லை, பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது.